வடக்கிலேயே இருப்பதா, ஒஸ்லோவுக்குப் போவதா?

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் வவுனியாவைச் சேர்ந்தவள். கணவர் 2010இல் அகதியாக நோர்வே வந்தவர். வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன்பிடி ஊரில் அவரைக் குடியமர்த்தினார்கள். குடும்ப இணைவில் நான் வந்து ஏழு வருடமாகிறது. அவர் மீன் தொழிற்சாலையில் வேலை. நான் முதியோர் இல்லத்தில் உதவியாளர். வேலை செய்துகொண்டே சுகாதாரப் பணியாளருக்கான தொழிற்சான்றிதழுக்குப் படிக்கிறேன், முடிக்க இன்னும் ஒரு வருடம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று.

ஒஸ்லோவுக்கு மாறுவோம் என்று கணவர் நிற்கிறார். அவருடைய சொந்தபந்தம் எல்லாம் அங்கேதான். "இந்த ஊரிலே செத்தால் தூக்க நாலு பேர் இல்லை" என்று மார்கழி இருட்டில் ஒருநாள் சொன்னார். பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்கள் என்றும் பயம். கொம்யூனில் (உள்ளூராட்சியில்) எங்களைப் பார்க்கும் அலுவலரோ, "ஒஸ்லோவில் உங்கள் ஆட்களோடு போய் ஒட்டிக்கொண்டால் இந்தச் சமூகத்தோடு சேரவே மாட்டீர்கள்" என்கிறார். மகன் இந்த ஊர்க்காரர்போல் 'யை' என்பதற்குப் பதில் 'ஏ' என்றுதான் 'நான்' சொல்கிறான். அதைக் கேட்டு ஒஸ்லோச் சொந்தங்கள் தொலைபேசியில் சிரிக்கிறார்கள். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, வணக்கம்.

உங்கள் கணவர் சொன்ன அந்த ஒரு வசனத்தை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். நானும் அதே கரையில் அதே வசனத்தைச் சொன்னவன். 1986இல் மாணவனாக இந்த நாட்டுக்கு வந்து, ஃபின்மார்க்கில் மீன் வெட்டும் மண்டபத்தில் நான்கு வருடம் நின்றேன். காலை ஏழு மணிக்கு ரப்பர் மேலங்கி, காதுக்கு மூடி, வெள்ளைச் சப்பாத்து. கீழிருந்து வெளிச்சம் வரும் மேசை. கொட் மீனின் சதையை அதன்மேல் விரித்தால் உள்ளே சுருண்டு கிடக்கும் புழு நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் அதைக் கிள்ளி எடுத்துவிட்டு அடுத்த துண்டு. எனக்கு வலப்பக்கம் நின்றவர் உரும்பிராய், இடப்பக்கம் வல்வெட்டித்துறை, எதிரே மட்டக்களப்பு. அந்த நான்கு வருடத்தில் நான் வாய்விட்டுப் பேசப் பழகிய நோர்வேஜிய மொழி 'கெதியாக', 'இடைவேளை', 'நாளைக்கு மீன் இல்லை' என்ற மூன்று சொல்லுக்கு மேல் போகவில்லை. அந்த ஊரின் சனத்தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நோர்வேக்காரர். நான் நாளெல்லாம் நின்றதோ நம்மவர் நடுவில்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கணவரும் கொம்யூன் அலுவலரும் எதிரெதிராகப் பேசுவதுபோல் தெரிந்தாலும் இருவரும் ஊரைத்தான் எண்ணுகிறார்கள். சின்ன ஊர் என்றால் நோர்வேயோடு சேர்வீர்கள், ஒஸ்லோ என்றால் தமிழரோடு சேர்வீர்கள் என்ற கணக்கு. இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்பங்களோடு உட்கார்ந்து கதைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கு அப்படி வருவதில்லை. எந்த ஊரில் இருக்கிறோம் என்பதைவிட, நாளுக்கு எட்டு மணித்தியாலம் யார் பக்கத்தில் நின்று வேலை செய்கிறோம் என்பதுதான் கூடத் தீர்மானிக்கிறது. உங்கள் வீட்டையே பாருங்கள். இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே கூரை. நீங்கள் முதியோர் இல்லத்தில் அந்த ஊர்க் கிழவிகளோடு கதைத்துக் கதைத்து மொழி எடுத்துவிட்டீர்கள். உங்கள் கணவர் நிற்கும் வரிசையில் இன்றைக்கு லித்துவேனியரும் எரித்திரியரும் தாய்லாந்துக்காரரும் இருப்பார்கள். இயந்திரச் சத்தத்துக்குள் கதைக்கவும் முடியாது. பதினைந்து வருடம் ஒரு ஊரில் இருந்தும் தூக்க நாலு பேர் இல்லை என்று ஒரு மனிதன் நினைப்பதற்கு அந்த வரிசை ஒரு பெரிய காரணம்.

எங்கள் ஆட்கள் வடக்கே எப்படிப் போனார்கள், ஏன் தெற்கே இறங்கினார்கள் என்ற கதை உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கலாம், உங்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். 1956இல் அன்ரனி இராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத்தவர் நோர்வே வந்து மீன்பிடித் தொழில் படித்தார். அவர் வழியாகவே அறுபதுகளில் காரைநகரில் சீ-நோர் படகுத் தொழிற்சாலை வந்தது, நோர்வேயோடு நமக்கு ஒரு பாதையும் திறந்தது. 1975இல் நோர்வே வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டபடியால் மாணவர் விசாதான் மிச்சமிருந்த வாசல். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நம் பெடியள் நாட்டார் உயர்பள்ளிகளுக்கு (பரீட்சையில்லாத விடுதிப் பள்ளிகளுக்கு) வந்தார்கள். 1983க்குப் பிறகு வந்த தொகை இன்னும் கூடியது. அப்போது வடக்குக் கரையில் மீன் வெட்ட உள்ளூரில் ஆள் போதாது. வார்டோ, போட்ஸ்பியூர்ட், ஹொன்னிங்ஸ்வோக், ஹம்மர்ஃபெஸ்ட் என்று ஊர் ஊராகத் தமிழ் இளைஞர்கள் போய் இறங்கினார்கள். பிறகு கடலில் கொட் மீன் அருகிப்போய், 1989 ஏப்ரலில் கரையோரக் கொட் மீன்பிடியை அரசு இடைநிறுத்தியது. தொழிற்சாலைகளில் வேலை குறைந்தது. நம்மவர் பெட்டி கட்டியது அதன் பிறகுதான். நான் 1990இல் தெற்கே இறங்கினேன்.

அந்த வருடங்களில் வடக்கே நடந்த கூட்டங்களில், தமிழர்கள் நன்றியில்லாமல் ஓடிப்போகிறார்கள் என்ற பேச்சை என் காதாலேயே கேட்டேன். அது இன்றைக்கும் நோகிறது. வேலை அழைத்தது, வந்தோம். வேலை போனது, வேலை இருக்கும் இடத்துக்கு நகர்ந்தோம். அங்கிருந்து நகர்ந்த குடும்பங்கள் இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தன என்பதும் கண்முன்னே இருக்கிறது. குழந்தையாக ஹம்மர்ஃபெஸ்டில் வாழ்ந்து பிறகு ஒஸ்லோவில் வளர்ந்த கம்சாஜினி குணரட்ணம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார். இங்கே பிறந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் உயர்கல்விக்குப் போகும் விகிதம் நாட்டின் பொதுவிகிதத்தை விடக் கூட. சொந்த வீடு வைத்திருக்கும் குடியேறியோர் வரிசையிலும் நம்மவர் முன்னணியில். இவர்களில் பெரும்பாலானோர் ஒஸ்லோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும், நம்மவர் நடுவில் வாழ்பவர்கள்.

ஆகவே அலுவலரின் பேச்சுக்கு வருகிறேன். அவர் கெட்ட மனதோடு சொல்லியிருக்க மாட்டார். இந்த நாட்டின் குடியமர்வு முறையே அப்படித்தான் யோசிக்கிறது. அகதி ஏற்பு முடிந்ததும் எந்த கொம்யூன் எத்தனை பேரை ஏற்க வேண்டும் என்று அரசு கேட்கும், கொம்யூன் சம்மதித்தால் அங்கே வீடு. ஒரு அகதிக்கு ஐந்து வருடம் மத்திய அரசிலிருந்து கொம்யூனுக்குப் பணம் வரும். புதிதாக வந்த அகதிகளுக்கு மொழியும் வேலையும் பழக்கும் அறிமுகத் திட்டத்தில் இருக்கும் காலத்தில் சொந்த விருப்பத்தில் ஊர் மாறினால், புது கொம்யூன் அந்தத் திட்டத்தைத் தொடர வேண்டிய கடமை இல்லை, மாதப் படியும் போய்விடும். இந்தக் கட்டுகள் உங்கள் குடும்பத்தை விட்டு எப்போதோ விலகிவிட்டன. நீங்கள் எங்கே வாழ்வது என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. சம்பளம் வாங்கி வரி கட்டுகிறவர்கள், நிமிர்ந்து கதையுங்கள்.

தன் இனத்தோடு சேர்ந்து இருந்தால் முன்னேற மாட்டார்கள் என்பதைப் பக்கத்து நாடு பரீட்சித்தே பார்த்துவிட்டது. 1985இல் ஸ்வீடன், அகதிகள் பெரிய நகரங்களில் குவியக் கூடாதென்று நாடு முழுவதும் பிரித்துக் குடியமர்த்தத் தொடங்கியது. யார் எங்கே போவது என்பதில் அவர்களுடைய விருப்பத்துக்குப் பெரிதாக இடமில்லை. பிற்காலத்தில் ஆராய்ந்தவர்களுக்கு அதுவே வசதியானது, ஏனென்றால் கெட்டிக்காரர் தாமாக ஒரு இடத்தைத் தேடிப் போனார்கள் என்ற குழப்பம் அங்கே குறைவு. 2003இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இது: படிப்புக் குறைந்த அகதிகளில், தம் ஆட்கள் அதிகம் உள்ள இடத்தில் விழுந்தவர்களின் வருமானம் உயர்ந்திருந்தது. சுவிற்சர்லாந்தும் அகதிகளைக் கன்ரோன் (மாநிலம்) வாரியாகப் பிரிக்கும் நாடு. அங்கே 2019இல் வந்த ஆய்விலும், தம் நாட்டவர் அதிகம் இருந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் வேலைக்குச் சேரும் வாய்ப்புக் கூடத்தான் இருந்தது. வேலை எங்கே இருக்கிறது, எந்தப் படிவத்தை யாரிடம் கொடுப்பது, எந்த முதலாளி சம்பளம் இழுத்தடிப்பார் என்று சொல்லித் தருவது முதலில் வந்த நம்மவர்தானே.

ஆனால் ஸ்வீடன் ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சேர்ந்திருக்கும் சமூகம் உழைத்து மேலே வந்த சமூகமாக இருந்தால்தான் பலன் கூட. வேலையில்லாதவர் நடுவில் வேலையில்லாதவர் சேர்ந்தால் வழி காட்ட ஆள் இல்லை. டென்மார்க் இந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்பது என் கருத்து. 2018இல் குடியேறியோர் அதிகம் வாழும் சில குடியிருப்புகளுக்குப் பட்டியல் போட்டு, 2030க்குள் அங்கே குடும்பங்களுக்கான பொது வாடகை வீடுகளை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றும், அந்தப் பகுதிப் பிள்ளைகள் ஒரு வயதிலிருந்தே வாரம் 25 மணித்தியாலம் பாலர் பராமரிப்பில் இருக்க வேண்டும் என்றும் சட்டம் வைத்தது. வீட்டை இடித்தால் அந்த வீட்டு மனிசனுக்கு மொழியும் வேலையும் வந்துவிடாது.

இனி உங்கள் விஷயம்.

ஒஸ்லோவுக்குப் போகலாம். ஆனால் இந்த வருடம் போக வேண்டாம். வேலையோடு சேர்த்துப் படிக்கும் தொழிற்சான்றிதழ் என்பது உங்களுக்கும் அந்த முதியோர் இல்லத்துக்கும் இடையில் எழுதிய ஒப்பந்தம். இடையில் விட்டால் ஒஸ்லோவில் இன்னொரு இல்லம் உங்களைப் புதிதாக ஏற்க வேண்டும், முன்பின் தெரியாத மேலாளர் உங்களை நம்ப வேண்டும். சான்றிதழ் கையில் இருந்தால் நிலைமையே வேறு. சுகாதாரப் பணியாளருக்கு நாடு முழுக்கத் தேவை இருக்கிறது, நிரந்தர வேலை கேட்டு வாங்கலாம். சான்றிதழ் இல்லாத உதவியாளர் ஒஸ்லோவில் குறுஞ்செய்தியில் வரும் அவசர வேலைகளுக்காகத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பதை நான் நிறையக் கண்டுவிட்டேன். சனி இரவு, ஞாயிறு இரவு, பிறகு இரண்டு கிழமைக்கு ஒன்றுமில்லை. அந்தச் சம்பளத்தை வைத்து வங்கி கடன் தராது. வீட்டு விலையில் நூற்றுக்குப் பத்து உங்கள் கையில் இருக்க வேண்டும், மொத்தக் கடன் வருட வருமானத்தின் ஐந்து மடங்கைத் தாண்டக் கூடாது. ஒஸ்லோ விலைக்கு நிரந்தரச் சம்பளம் இரண்டு இருந்தாலே மூச்சு வாங்கும்.

இந்த ஒரு வருடத்தை வடக்கே கழிப்பதில் பணமும் மிச்சப்படும். ஃபின்மார்க்கில் வருமான வரி குறைவு, மின்சாரத்தில் வரிச்சலுகை. 2023 ஓகஸ்டிலிருந்து அங்கே பாலர் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது, மகள் பாலர் பள்ளிக்குப் போகும் வரைக்கும் அது லாபம். சேருகிற காசைத் தனிக் கணக்கில் போடுங்கள், வீட்டு முற்பணத்தின் முதல் கல் அது.

உங்கள் கணவருக்கு இந்த வருடம் சும்மா காத்திருக்கும் வருடமாகிவிடக் கூடாது. எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் கவலை. இப்படியே ஒஸ்லோவுக்கு வந்தால் சொந்தக்காரர் ஒருவர் தனக்குத் தெரிந்த இரவுத் துப்புரவு வேலையில் சேர்த்துவிடுவார். நல்ல மனதோடுதான் செய்வார். அங்கேயும் பக்கத்தில் தமிழர், இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை, வெறும் விறாந்தை. புழு பார்க்கும் மேசையிலிருந்து தரை துடைக்கும் இயந்திரத்துக்கு மாறினால் அவருக்கு ஊர் மாறும், நிலை மாறாது. இப்போதே தொழிற்சாலையில் பராமரிப்புப் பகுதிக்கோ, பாரந்தூக்கி ஓட்டும் வேலைக்கோ, படகுகள் மீன் இறக்கும் துறைப் பக்கத்துக்கோ மாற முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். மீனவர்கள் வாயாடிகள், துறையில் நின்றால் மொழி தானாக வரும். நோர்வே குடியுரிமைக்குப் பேச்சில் பி1 நிலை (அன்றாட விஷயங்களைத் தானாகக் கதைக்கும் அளவு) வேண்டும் என்று 2022 ஒக்ரோபரிலிருந்து விதி. அவர் இன்னும் எடுக்காமல் இருந்தால், அந்தப் பரீட்சையைக் குறியாக வைத்தால் வருடத்துக்கு ஒரு திசை கிடைக்கும். வீட்டில் நீங்கள் ஆசிரியையாக வேண்டாம். கணவனுக்கு மனைவி இலக்கணம் திருத்தினால் இரண்டு நாளில் சண்டையாகிவிடும்.

மார்கழி இருட்டில் சொன்ன அந்த வசனத்தை ஊர்ப் பிரச்சினையாக மட்டும் எடுக்காதீர்கள். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் அங்கே ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். அந்த இரண்டு மாதத்தில் மனம் ஒடுங்குவது நம்மவருக்கு மட்டும் வருவதல்ல, ஊர்க்காரருக்கும் வரும். போரைக் கண்டு வந்தவருக்கு அது இரட்டைப் பாரம். இலையுதிர் காலத்திலேயே குடும்ப மருத்துவரிடம் போய், இருட்டு மாதத்தில் நித்திரையும் மனமும் எப்படி இருந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்பது அவருடைய உரிமை, அதற்குக் காசில்லை. மொழிபெயர்ப்பாளராக நீங்கள் போய் இருக்க வேண்டாம், உங்கள் முன்னால் சொல்ல முடியாததும் அவருக்கு இருக்கும்.

பிள்ளைகளின் தமிழ் பற்றி ஒரு பெரிய பயம் எல்லாருக்கும் இருக்கிறது. ஒஸ்லோவில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் இருக்கிறது, அம்மெரூட்டில் கோயில் இருக்கிறது, பரதமும் மிருதங்கமும் பழக இடமுண்டு. இவை வடக்கே இல்லாத குறை உண்மையான குறைதான், அதை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் சனிக்கிழமை மூன்று மணித்தியாலத்தில் ஒரு பிள்ளைக்குத் தமிழ் வருவதில்லை. சோறு ஊட்டும்போதும் கோபிக்கும்போதும் என்ன மொழி வாயில் வருகிறதோ அதுதான் பிள்ளைக்கு வரும். ஒஸ்லோவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போகும்போது பெற்றோரும் பிள்ளைகளும் நோர்வேஜிய மொழியில் கதைத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். உங்கள் மகன் உங்களுக்குத் தமிழிலேயே பதில் சொல்கிறானா? சொன்னால் பாதி வேலை முடிந்தது. எழுத்தைக் கிழமைக்கு ஒருநாள் இணையவழியாகவும் பழக்கலாம்.

அவனுடைய 'ஏ'யைக் கேட்டுச் சிரிப்பவர்களிடம் சொல்லுங்கள், அது அந்த மண்ணின் பேச்சு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவதுபோல, ஃபின்மார்க்கில் வளர்ந்தவன் ஃபின்மார்க் பேச்சுப் பேசுகிறான். புத்தக மொழி படித்து வந்த எத்தனையோ பேருக்கு இல்லாத ஒன்று அவனிடம் இருக்கிறது. சூரியன் திரும்பும் நாளில் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இனிப்புப் பணிஸைத் தின்றுகொண்டு வெளியே நின்று வெளிச்சத்துக்குக் கத்தின பிள்ளை அவன். ஊர் மாறினாலும் அதை அவனிடமிருந்து திருத்தி எடுக்க விடாதீர்கள். மாறுவதென்றால் அவன் பத்து, பதினொரு வயதைத் தாண்டுவதற்குள் மாறுவது நல்லது. பதின்மூன்று, பதினான்கில் கூட்டாளிகளை விட்டுப் பிடுங்கி நட்டால் பிள்ளை வாடும். ஒரு வருடம் பொறுத்தால் அவனுக்கு எட்டு, மகளுக்கு நாலு. காலம் உங்கள் பக்கம்தான்.

கடைசியாக, உங்களுக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது என்பதைக் கணவரிடம் சொல்லிவிட்டீர்களா? எனக்கு எழுதிய வரிகளை அவருக்குச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லுங்கள். கூச்சப்பட அதில் ஒன்றும் இல்லை. சான்றிதழ் வந்த பிறகும் மனம் அங்கேயே நின்றால், நிற்பதும் ஒரு முடிவுதான். வடக்கே விட்டுப் போகாமல் வீடு வாங்கி, பிள்ளைகளை வளர்த்து, அந்த ஊரின் ஆளாகவே ஆகிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. அவர் பக்கமும் கேளுங்கள். அவருக்கு வேண்டியது ஒஸ்லோவா, அல்லது அண்ணன் தம்பியா, அல்லது அந்த மேசையை விட்டு விலகுவதா என்று அவருக்கே இன்னும் தெளிவில்லாமல் இருக்கலாம்.

உங்கள் பக்கத்துக் குளிர்கால விடுமுறையும் ஒஸ்லோவின் விடுமுறையும் ஒரே கிழமையில் வருவதில்லை. உங்களுக்கு விடுமுறை வரும்போது ஒஸ்லோவில் பள்ளிக்கூடங்கள் நடக்கும். அந்தக் கிழமையில் நாலு பேரும் வாருங்கள். சொந்தக்காரர் வீட்டு விருந்து இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் காலை ஆறு மணிக்கு நீங்களும் அவரும் சுரங்க ரயிலில் ஏறி, குரூருட் பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லம் வரை போய்ப் பாருங்கள், எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். உங்கள் சம்பளத்துக்கு எட்டும் வீடு எந்த நிறுத்தத்தில் இருக்கிறது என்று இறங்கிப் பாருங்கள். மகனைச் சேர்க்கக்கூடிய பள்ளிக்கூடத்துக்கு முன்கூட்டியே எழுதி, ஒரு மணித்தியாலம் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். பார்த்துவிட்டு இரண்டு பேரும் தனித்தனிக் கடதாசியில் எழுதி எனக்கு அனுப்புங்கள், அதை வைத்து மிச்சத்தைக் கதைப்போம்.